பதினேழாம் இலக்கக்காரி

நோர்வே
11 மாசி 2024

அன்புள்ள அத்தானுக்கு,

நான் இஞ்ச சுகமா இருக்கிறன். நீங்கள் எப்பிடி இருக்கிறீங்கள் எண்டு கேக்கவே கூச்சமாக் கிடக்கு, எண்டாலும் கேக்கிறன். ஒழுங்காச் சாப்பிடுறீங்களோ? மூண்டு தரம் கோல் எடுத்தன், நீங்கள் எடுக்கேல்ல. பெரியம்மாவிட்டக் கேட்டால் "மருமகன் வேலைக்குப் போறார், வாறார், வேற ஒண்டும் தெரியாது பிள்ளை" எண்டு சொல்லுறா. முப்பத்தோராம் நாள் பூசைக்கும் என்னால வர ஏலாமல் போச்சு. மன்னிச்சுக் கொள்ளுங்கோ. கதைக்க ஏலாட்டி பரவாயில்ல, ஈமெயிலில எண்டாலும் ரெண்டு வரி எழுதுங்கோ.

ஒரு அலுவலும் இருக்கு அத்தான். ஜெனி அக்கா போன வருசம் ஊர்காவற்றுறையில செய்த ஆராய்ச்சியைக் கட்டுரையா அனுப்பப் போறம். எங்கட பேராசிரியர் அவசரப்படுறார். நானும் அக்காவும் 'கப்டன்' எண்டு பட்டம் வைச்ச ஆள் அவர் தான். முடிவுகளின்ர அட்டவணையை அக்கா முதலே அனுப்பிப் போட்டா. ஆனால் சஞ்சிகைக்காரர் மூலப் பதிவுகளையும் கேக்கினம். அது அக்காவின்ர கறுப்பு டிஸ்கில மட்டும் தான் இருக்கு. அதை இன்ரநெற்றில ஏத்தி விடுவீங்களோ?

கட்டுரைக் கடைசியில அக்காவுக்கு வடிவா ஒரு நன்றி எழுதுவம்.

உடம்பைக் கவனமாப் பாருங்கோ.
நிலக்சனா


ஊர்காவற்றுறை
25 மாசி 2024

நிலக்சனாவுக்கு,

கடிதம் கிடைச்சது. சுகமா இருக்கிறன். சாப்பிடுறன். நீர் குளிருக்கக் கவனமா இரும். கச்சதீவுப் பெருநாளுக்கு ஊரே போட்டுது. நான் போகேல்ல. வேலைக்கு வந்த இஞ்சின் மூண்டு கிடந்தது, திருத்தினன்.

டிஸ்க் அலுமாரியில இருக்கு. அலுமாரி பூட்டிக் கிடக்கு. திறப்பு என்னட்டத் தான்.

நன்றி எண்டு எழுதியிருந்தீர். அது விளங்கேல்ல. நன்றி வெளியாக்களுக்குச் சொல்லுறது. எனக்குச் சொல்லலாம், பட்டன் பெட்டி செய்து குடுத்ததுக்கு. எட்டு மாதமா கடற்காரர் வீட்டுப் பொம்பிளையள் முப்பத்திரண்டு பேரை ஒவ்வொருத்தராக் கதிரையில இருத்தி, காதில ஹெட்போன் மாட்டி, வள்ளங்களின்ர இஞ்சின் சத்தத்தை விட்டு, தெரிஞ்ச வள்ளமெண்டால் பச்சைப் பட்டன், தெரியாததெண்டால் சிவப்பு எண்டு செய்விச்சது ஜெனீற்றா. பட்டனை அமத்த எவ்வளவு நேரம் எண்டு பெட்டி செக்கனில ஆயிரத்தில ஒரு பங்கு வரை அளக்கும். அவ்வளவு தான் என்ர வேலை. கேள்வி அவவின்ர.

சத்தத்தைக் கேட்டு, பிறகு யோசிச்சுத் தான் ஆளைப் பிடிக்கிறமோ, இல்லாட்டி கேக்கிறதுக்குள்ளயே ஆள் இருக்கோ. உது தான் கேள்வி. எனக்கு உது ஒரு கேள்வியாவே தெரியேல்ல. நான் இஞ்சின் திருத்திறவன். "எல்லாருக்கும் தெரிஞ்சதைத் தான் நிறுவிக் காட்ட ஏலாமல் கிடக்கு" எண்டு சொல்லுறவ. மனம் எண்டால் என்னெண்டு வீட்டில இருந்து யோசிக்கிற ஆக்கள் கனபேராம், மனம் உள்ள ஆக்களிட்டப் போய்க் கேக்கிற ஆக்கள் குறைவாம்.

கட்டுரையில அவவின்ர பேர் எங்க வரும்? முன்னுக்கோ பின்னுக்கோ? அதை எழுதும்.

றெக்ஷன்


நோர்வே
1 பங்குனி 2024

அன்புள்ள அத்தானுக்கு,

நான் சுகம். உங்கட கடிதம் கண்டது பெரிய ஆறுதல். இஞ்ச பனி இன்னும் விடேல்ல.

நீங்கள் கேட்டதைக் கப்டனிட்டக் கேட்டன். கட்டுரைக்குப் பொறுப்பெடுத்து, ஆரும் கேள்வி கேட்டால் பதில் சொல்லக் கூடிய ஆள் தான் ஆசிரியராம். இப்போதைய நிலையில அக்காவால அது ஏலாதாம். குரலை இறக்கி, மரியாதையாத் தான் சொன்னவர்.

அத்தான், அக்கா உங்களுக்கு எவ்வளவு சொன்னாவோ தெரியாது. எங்கட தத்துவத் துறையில பதினாலு ஆம்பிளையள், நாங்கள் ரெண்டு பேர் பொம்பிளையள். அக்கா கருத்தரங்கில ஒண்டு சொன்னால் எல்லாரும் தண்ணிப் போத்தலைத் திறப்பினம். பத்து நிமிசத்தால அதையே ஒரு பெடியன் சொன்னால் கப்டன் பேனை எடுத்து எழுதுவார். ஒருநாள் அக்கா எழும்பி நிண்டு, "இப்ப எல்லாருக்கும் நல்லாக் கேட்டிருக்கு. அப்ப என்ர குரலில தான் கோளாறு. என்ர மனுசன் இஞ்சின் திருத்திறவர், அவரிட்டக் காட்டுறன்" எண்டு சொன்னா. ஒருத்தரும் சிரிக்கேல்ல. "உங்கட தீவுப் பெண்களின்ர அனுபவம் சுவாரசியமானது, ஆனால் அது தத்துவம் இல்லை" எண்டு கப்டன் சொல்லுவார். அக்கா போன பிறகு அந்த மேசையில நான் தனிய.

இன்னொரு விசயம். ஒருத்தருக்கும் தெரியாத இஞ்சினா இருக்க வேணுமெண்டு நெடுந்தீவில பதிஞ்ச சத்தம் ஒண்டை அக்கா சேர்த்தவ எல்லோ? முப்பத்தொரு பேரும் அதுக்குச் சிவப்பு. பதினேழாம் இலக்கக்காரி மட்டும் எட்டுத் தரமும் பச்சை. அதுவும் அரைச் செக்கனுக்குள்ள. அவவைக் கணக்கில இருந்து தூக்கிப் போட்டு எழுதச் சொல்லுறார் கப்டன். ஆர் அது? ஏன் அப்பிடி அமத்தினவ? உங்களுக்கு ஏதும் தெரியுமோ?

நேரத்துக்குச் சாப்பிடுங்கோ.
நிலக்சனா


ஊர்காவற்றுறை
24 பங்குனி 2024

நிலக்சனாவுக்கு,

சுகம். நீரும் சுகமா இருப்பீர் எண்டு நினைக்கிறன்.

பெட்டியில பிழையில்ல. பட்டனில பிழையில்ல. வயர் எல்லாம் திருப்பிப் பாத்தன், சரி. பதினேழாம் இலக்கம் திரேசம்மா மாமி. எங்கட வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி. ஏன் பச்சை அமத்தினவ எண்டு எனக்குத் தெரியாது.

அவ தான் கிழமையில ரெண்டு நாள் மீன் குழம்பு கொண்டு வாறா. நேற்றும் வந்தவ.

"என்னடா, சட்டியைக் கழுவாமல் திருப்பித் தாறாய்? உனக்குக் கையில்லையே?"

"கழுவினனான் மாமி."

"கழுவினதெண்டு சட்டிக்குச் சொல்லு."

பிறகு குசினிக் கதிரையில அரை மணித்தியாலம் ஒண்டும் கதைக்காமல் இருந்திட்டுப் போனா. எனக்கு அது பிடிச்சிருக்கு.

நீர் சொன்ன காரணம் எனக்குச் சரியாப் படேல்ல. கேள்விக்குப் பதில் சொல்ல ஏலாது எண்டதுக்காகக் கேள்வி கேட்ட ஆள் இன்னொராள் ஆகிறேல்ல. முதல் பேரா ஜெனீற்றாவைப் போடுங்கோ. இல்லாட்டி டிஸ்க் அலுமாரியிலயே இருக்கட்டும்.

அவவின்ர பேர் இல்லாட்டி ஆற்ற பேர் வருது? நீர் அதை எழுதேல்ல.

றெக்ஷன்


ஊர்காவற்றுறை
28 சித்திரை 2024

நிலக்சனாவுக்கு,

உமக்குச் சுகமில்லையோ தெரியேல்ல. உயிர்த்த ஞாயிறும் போய் ஒரு மாதமாகுது. நான் கேட்டதுக்குப் பதில் வரேல்ல.

இஞ்ச சோளகக் காத்துத் தொடங்கப் போகுது. கடல் இப்பவே கொஞ்சம் குழப்பம். அனலைதீவுக்கு ஒரு வேலையாப் போய்த் திரும்ப ஏலாமல் ஒரு நாள் அங்கயே நிண்டனான். வீட்டுக்கு வர வேணும் எண்டு அவசரமும் இல்லை. துறையில குந்திக் கொண்டிருந்தன்.

ஒரு வரி போடும். சுகமெண்டால் சுகம் எண்டு போடும்.

றெக்ஷன்


நோர்வே
9 ஆனி 2024

அன்புள்ள அத்தானுக்கு,

எனக்கு வருத்தம் ஒண்டுமில்ல. உங்கட ரெண்டு கடிதமும் வந்த அண்டைக்கே வாசிச்சனான். பதில் எழுதி எழுதி அழிச்சனான்.

முதல் பேர் கப்டன். ரெண்டாவது பேர் நான்.

முதல் கடிதத்திலயே எனக்குத் தெரியும் அத்தான். அக்காவின்ர கறுப்பு டிஸ்க் எண்டு எழுதேக்கயே தெரியும். "ஆராவது தமிழ் தெரிஞ்ச ஆள் வேணும், நீ ரெண்டாவதா வா, உன்ர படிப்புக்கும் நல்லம்" எண்டார் கப்டன். என்ர புலமைப்பரிசில் புரட்டாதியில முடியுது. அது முடிஞ்சால் விசாவும் முடியுது. அவர் கையெழுத்து வைச்சால் தான் இன்னும் ரெண்டு வருசம். நான் ஓம் எண்டனான். யோசிச்சுச் சொல்லுறன் எண்டு கூடச் சொல்லேல்ல.

இதை விட இன்னொண்டு இருக்கு. கார்த்திகையில ஒரு கூட்டம் நடந்தது. அக்கா உங்கட வீட்டில இருந்து கணினியில கதைச்சவ. பதினேழாம் இலக்கத்தைத் தூக்க ஏலாது, அந்த மனுசி எதையோ கேட்டிருக்கிறா, அது என்னெண்டு கண்டுபிடிக்காமல் கட்டுரை எழுத ஏலாது எண்டு நிண்டா. கப்டன் சொன்னார், "உங்கட பதினேழாம் இலக்கக்காரிக்கு ஊர் பேர் தெரியாத வள்ளங்களில காதல் போல." எல்லாரும் சிரிச்சினம். நானும் சிரிச்சனான் அத்தான். பகிடி பிடிச்சுச் சிரிக்கேல்ல. எல்லாரும் சிரிக்கேக்க ஒரு பொம்பிளை மட்டும் சிரிக்காமல் இருந்தால் அடுத்த தரம் அவளைத் தான் பாப்பினம். திரையில அக்காவின்ர முகம் என்னைத் தேடினது. நான் சிரிச்சுக் கொண்டிருந்ததை அவ கண்டவ.

அதுக்குப் பிறகு அவ என்னோட வழமை போலத் தான் கதைச்சவ. "குளிருக்குக் காலுறை போட்டனியோ" எண்டு கேட்டவ. அது தான் தாங்க ஏலாமல் கிடக்கு.

பேசுறதெண்டால் பேசுங்கோ.
நிலக்சனா


ஊர்காவற்றுறை
12 ஆனி 2024

நிலக்சனாவுக்கு,

வாசிச்சன். கோவம் வருமெண்டு ரெண்டு நாள் பாத்துக் கொண்டிருந்தன். வரேல்ல. எனக்கு இப்ப ஒண்டும் வாறேல்ல, அதால நீர் அதை மன்னிப்பு எண்டு நினைக்க வேண்டாம்.

அந்தக் கூட்டத்தில சிரிச்சது எனக்கும் கேட்டது. நான் குசினிக் கதவடியில நிண்டனான்.

மிச்சத்தைப் பிறகு எழுதுறன்.

றெக்ஷன்


ஊர்காவற்றுறை
7 ஆடி 2024

நிலக்சனாவுக்கு,

சுகமா இருக்கிறீர் எண்டு நம்புறன். என்ர உடம்புக்கு ஒண்டுமில்ல.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு வந்து அலுமாரியைத் திறந்தன். உடுப்பில அவவின்ர வாசம் மணக்குமெண்டு பயந்து தான் இவ்வளவு நாளும் திறக்கேல்ல. திறந்தால் பூச்சி உருண்டை தான் மணந்தது.

பதினேழாம் இலக்கம் ஏன் பச்சை அமத்தினவ எண்டு எனக்குத் தெரியாது எண்டு உமக்கு எழுதினனான். அது பொய். ஜெனீற்றா "ஒராள் மட்டும் பச்சை அமத்தியிருக்கிறா" எண்டு சொன்ன அந்த நிமிசமே எனக்கு விளங்கீற்று.

திரேசம்மா மாமியின்ர மனுசன் ஜோர்ஜ் மாமா கடலோட போய் எட்டு வருசம். வள்ளம் கிடைச்சது, ஆள் கிடைக்கேல்ல. அந்த இஞ்சினை மாமிக்காக வித்துக் குடுத்தது நான். நெடுந்தீவில ஏரம்பு அண்ணை வாங்கினவர். உடைஞ்ச மூடியை மாத்தி நீலப் பெயின்ற் அடிச்சுக் குடுத்ததும் நான் தான். போன வருசம் நெடுந்தீவுத் துறையில ஒலிவாங்கியைப் பிடிச்சுக் கொண்டு நிக்கேக்க எனக்கு அந்த யோசனை வரவேயில்ல. எனக்கு அது நீல இஞ்சின், ஏரம்பு அண்ணேன்ர இஞ்சின். கையால கழட்டிப் பூட்டின எனக்குத் தெரியேல்ல. ஹெட்போன் போட்ட மனுசிக்கு அரைச் செக்கனில தெரிஞ்சிருக்கு.

நான் சொல்லியிருக்க வேணும். சொன்னால் முப்பத்திரண்டு பேரையும் திருப்பிக் கூப்பிட்டு இருத்த வேண்டி வரும். தையில அவவுக்கு நோர்வேக்குத் திரும்பப் பிளேன் ரிக்கற். அங்க கப்டன், அவ எப்ப சறுக்குவா எண்டு பாத்துக் கொண்டிருக்கிறார். முப்பத்திரண்டில ஒண்டு தானே, சராசரியில கரைஞ்சு போகும் எண்டு நினைச்சன். அவ ரெண்டு கிழமை அந்த ஒராளோட மாரடிச்சா. நீங்கள் சிரிச்ச அண்டைக்குக் கணினியை மூடிப் போட்டு, "நான் பிழையா யோசிக்கிறனோ றெக்ஷன்" எண்டு கேட்டவ. "எனக்கென்ன தெரியும்" எண்டனான்.

டிஸ்கில கடைசிப் பதிவு 2 மார்கழி. அவ பெட்டியைத் தூக்கிக் கொண்டு மாமி வீட்டுக்குப் போயிருக்கிறா. எனக்குத் தெரியாது. அதில உள்ளதை அப்பிடியே எழுதுறன்.

"மாமி, இதை ஒருக்காக் கேளுங்கோ. ஆர் வாறது?"

"எத்தினை தரமடி கேப்பாய்? அவர் தான்."

"ஆர் அவர்?"

"என்ர மனுசன். வேகத்தைக் குறைக்கேக்க ஒருக்கா இருமும் பார். ஆ, இருமினது."

"மாமா செத்து எட்டு வருசமெல்லோ மாமி?"

"அது எனக்குத் தெரியாதே? செத்த ஆளெல்லோ எண்டு யோசிச்சது பிறகு. பட்டனை அமத்தினது முதல்."

பிறகு ஜெனீற்றா கேக்கிறா, "அந்த இஞ்சின் இப்ப எங்க மாமி?"

"உன்ர மனுசன் தானே கழட்டிக் கொண்டு போய் ஏரம்புவுக்குக் குடுத்தவன். போய் அவனைக் கேளன்."

சிரிக்கிறா. நல்லாச் சிரிக்கிறா. "ஐயோ மாமி, அப்ப அவருக்கு விசயம் தெரிஞ்சிருக்கு. ரெண்டு கிழமையா என்ர முகத்தைப் பாக்காமல் திரியிறார், நான் என்னவோ எண்டு நினைச்சன்."

"வாடி, நான் வந்து அவனுக்கு ரெண்டு அடி குடுக்கிறன்."

"வேண்டாம் மாமி. நீங்கள் ஒண்டும் கேக்காதேங்கோ. தானா வந்து சொல்லட்டும். சொல்லுவார்."

அண்டைக்கே ரெண்டு பக்கம் எழுதி வைச்சிருக்கிறா. பாதி எனக்கு விளங்கேல்ல. பதினேழாம் இலக்கத்தைத் தூக்கக் கூடாது, அந்த மனுசியில தான் முழுக் கட்டுரையும் நிக்குது எண்டது விளங்கினது. ஆள் இல்லை எண்டு அறிவுக்குத் தெரியும், அதுக்கு முன்னம் காதுக்கு ஆள் வந்திட்டார், அப்ப கேக்கிறதுக்குள்ளயே ஆள் இருக்கு எண்டு எழுதியிருக்கிறா. ஆனால் கப்டனுக்கு அனுப்பேல்ல. அனுப்பினால் பிழை ஆர் விட்டது எண்டும் எழுத வேணும். நான் வந்து சொல்லும் வரைக்கும் வைச்சிருந்திருக்கிறா.

பத்தாந் திகதி அவவுக்கு டெங்குக் காய்ச்சல் தொடங்கினது. அதுக்கிடையில சொல்ல எனக்கு எட்டு நாள் இருந்திருக்கு. பிறகு ஆசுப்பத்திரியில கட்டிலுக்குப் பக்கத்தில ஒன்பது நாள் இருந்தனான். அப்பவும் சொல்லேல்ல.

எல்லாத்தையும் ஏத்தி விட்டிருக்கிறன். குரலை வெளியில விடலாமோ எண்டு மாமியைக் கேட்டன். "வெள்ளைக்காரனுக்கு என்ர தமிழ் விளங்கப் போகுதே? விடு" எண்டா.

நீர் என்ன செய்யிறீரோ செய்யும்.

றெக்ஷன்


நோர்வே
2 புரட்டாதி 2024

அன்புள்ள அத்தானுக்கு,

நான் சுகம். நீங்களும் மாமியும் சுகமோ?

பதில் பிந்தினதுக்கு இந்த முறை காரணம் வேற. இஞ்ச கோடை விடுமுறை முடிஞ்சு எல்லாரும் வருமட்டும் காத்திருந்தன். போன செவ்வாய்க்கிழமை கருத்தரங்கில மாமியின்ர குரலை விட்டன். ஒவ்வொரு வரியா நிப்பாட்டி மொழிபெயர்த்தன். "யோசிச்சது பிறகு, அமத்தினது முதல்" எண்ட இடத்தில ஒருத்தன் கையை உயர்த்தி, "பேராசிரியர் வசந்தகாலத்தில சொன்ன கருத்துக்கு இது கிட்ட வருது" எண்டு தொடங்கினான். நான் இடையில மறிச்சன். "இல்லை. இது ஜெனீற்றா சொன்னது. மார்கழி ரெண்டாந் திகதி. நீங்கள் எல்லாரும் அவவைப் பாத்துச் சிரிச்ச அடுத்த கிழமை. நானும் சிரிச்சனான்" எண்டன். என்ர குரல் நடுங்கேல்ல அத்தான்.

மூண்டு நாள் கழிச்சுக் கப்டன், இந்த வடிவத்தில கட்டுரைக்குத் தான் பொறுப்பெடுக்க மாட்டன் எண்டு எழுதித் தன்ர பேரை எடுத்திட்டார். நான் அதுக்கு முதல் நாளே என்ர பேரை எடுத்திட்டன். சஞ்சிகைக்காரருக்குப் பேர் விசயத்தில நடந்த முழுக் கதையும் எழுதினன். பேர் மாத்தினதை ஏற்றுக் கொண்டிச்சினம். இப்ப கட்டுரையில ஒரேயொரு பேர் தான் இருக்கு.

என்ர ரெண்டு வருசத்தைப் பற்றிக் கேட்டால் கப்டன் "பிறகு சந்திப்பம்" எண்டார். இன்னும் சந்திக்கேல்ல. நான் வாறது கண்டால் சாப்பாட்டு மேசையில கதை நிண்டிடும். அதால இப்ப மதியம் மாடிப்படியில தனிய இருந்து சாப்பிடுறன். நீங்கள் இதுக்குக் கவலைப்பட வேண்டாம்.

சஞ்சிகைக்காரர் ஒரு படிவம் அனுப்பியிருக்கினம், இதோட வருது. ஆசிரியர் உயிரோட இல்லாட்டி நெருங்கின உறவுக்காரர் நிரப்ப வேணும். பேர், உறவு, திகதி, மூண்டு தான். அப்பிடியான ஆக்களின்ர பேருக்குப் பக்கத்தில ஒரு சின்னச் சிலுவை அடையாளம் போடுறது அவையின்ர வழக்கம். விருப்பமில்லாட்டிப் போடாமல் விடுவினம், நீங்கள் தான் சொல்ல வேணும்.

அடிக்குறிப்பில "ஒலிப்பதிவில ஒரு தொழில்நுட்பத் தவறு" எண்டு மட்டும் போட்டிருக்கிறன். உங்கட பேர் இல்ல. ஒருத்தருக்கும் தெரிய வராது.

பதிலைப் பாத்திருக்கிறன்.
நிலக்சனா


ஊர்காவற்றுறை
15 புரட்டாதி 2024

நிலக்சனாவுக்கு,

மாமி சுகம். நானும் சுகம். நீர் மாடிப்படியில இருந்து சாப்பிடுற நேரம் இஞ்ச பின்னேரம் மூண்டரை இருக்கும். அந்த நேரம் நானும் பட்டறையில தனியத் தான் தேத்தண்ணி குடிக்கிறனான். தெரிஞ்சு வைச்சிரும்.

படிவம் நாலு நாள் மேசையில கிடந்தது. முதல் நாள் பேர் எழுதினன். அடுத்த நாள் உறவு எண்ட இடத்தில கணவர் எண்டு எழுதினன். மூண்டாவது கட்டத்தைப் பாத்திட்டு எழும்பி வேலைக்குப் போட்டன். பின்னேரம் வந்து திருப்பி இருந்தன். ஏலாமல் போச்சு. ஊரில ஆக்கள் காலமானா எண்டினம், ஆண்டவரிட்டப் போட்டா எண்டினம். ஒன்பது மாதமா எந்தச் சொல்லும் என்ர வாயில வரேல்ல எண்டு அப்ப தான் கண்டன். உமக்கு எழுதின கடிதங்களை எடுத்துப் பாத்தன். அதிலயும் இல்லை.

இண்டைக்கு எழுதீற்றன். படிவத்தோட கீழ இருக்கிறதையும் இங்கிலீசில மாத்தி அனுப்பும். ஒரு சொல்லும் கூட்டிக் குறைக்க வேண்டாம்.

"இந்தக் கட்டுரையை எழுதின ஜெனீற்றா என்ர மனுசி. 2023 மார்கழி 19, செவ்வாய்க்கிழமை காலமை பத்து மணிக்குச் செத்துப் போனா. நெடுந்தீவு இஞ்சினைத் தெரியாத இஞ்சின் எண்டு தெரிஞ்செடுத்தது நான், றெக்ஷன். பிழை எண்டு தெரிஞ்ச பிறகும் அவவுக்குச் சொல்லேல்ல. அவ தானாக் கண்டுபிடிச்சவ."

அடிக்குறிப்பில என்ர பேரைப் போடும்.

அவவின்ர பேருக்குப் பக்கத்தில சிலுவையைப் போடச் சொல்லும்.

றெக்ஷன்